குரு கிரந்த் சாகிப்பை ஆங்கிலத்தில் படிப்பவர் யாருடைய உரையைப் படிக்கிறார்?

பனையோலை

சீக்கியர்களின் புனித நூலான குரு கிரந்த் சாகிப்பின் தொடக்கத்தில் வரும் ஜப்ஜியை, அவர்கள் காலையில் ஓதுவதை, ஆங்கிலத்தில் படித்துக்கொண்டிருக்கிறேன். கையில் இரண்டு மொழிபெயர்ப்புகள். முதல் பௌடியின் (பாடலின் ஒரு பகுதி) முதல் வரியிலேயே இரண்டும் பிரிந்துவிடுகின்றன. ஒன்று, லட்சம் முறை சிந்தித்தாலும் சிந்தனைக்குள் அவன் அடங்கமாட்டான் என்கிறது. பஞ்சாபி உரை ஒன்றைத் தழுவியதாகச் சொல்லும் சிறுநூலோ, லட்சம் முறை நீராடினாலும் மனம் தூய்மையாகாது என்கிறது. நடையில் வேறுபாடு என்றால் விட்டுவிடலாம். இங்கே பொருளே வேறு. சிந்தனை எங்கே, குளியல் எங்கே? மூலம் எழுதப்பட்ட குர்முகி எழுத்து தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். எது தவறு?

ஐந்தாறு

இரண்டையும் தவறு என்று தள்ள முடியாது. இரண்டுக்கும் பின்னால் ஆள் இருக்கிறது.

வரி இது: "சோச்சை சோச்சி ந ஹோவயீ, ஜே சோச்சீ லக் வார்." இன்றைய பஞ்சாபியிலும் இந்தியிலும் 'சோச்' என்றால் நினைப்பு. அந்தப் பழக்கத்தோடு கேட்பவருக்குச் சிந்தனை என்றுதான் படும். மெக்காலிஃப் 1909இல் தம் ஆங்கில மொழிபெயர்ப்பில் அப்படித்தான் எழுதினார். இணையத்தில் அதிகம் உலவும் சந்த் சிங் கால்சாவின் மொழிபெயர்ப்பும் அதே வழி. ஆனால் பேராசிரியர் சாகிப் சிங், 1962 முதல் 1964 வரை 10 தொகுதிகளாக வந்த தம் 'தர்ப்பண்' உரையில், இதை உடல் தூய்மை என்று கொள்கிறார். நம்மிடமும் 'ஆசௌசம்' என்ற சொல் புழங்குகிறதே, அதற்குள் இருக்கும் சௌசம்தான்.

அவர் பக்கம் வலுவான காரணம் இருக்கிறது. இரண்டாம் வரி வாய் பேசாமல் இருப்பதைச் சொல்கிறது. மூன்றாம் வரி உலகத்துச் செல்வ மூட்டைகளைக் குவித்தாலும் தீராத பசியைச் சொல்கிறது. நான்காம் வரி, ஆயிரம் லட்சம் சாமர்த்தியம் இருந்தாலும் ஒன்றுகூடத் துணைக்கு வராது என்கிறது. மனிதன் செய்து பார்க்கும் முயற்சிகள் ஒவ்வொன்றாகத் தள்ளப்படுகின்றன. முதல் வரியும் சிந்தனையைத்தான் சொல்கிறது என்றால், நான்காம் வரிச் சாமர்த்தியம் கூறியது கூறலாகிவிடும். நான் சாகிப் சிங் கட்சி. மறுதரப்பு, அறிவுக்கு எட்டாதது என்று தொடங்குவதே இந்தப் பாடலுக்குப் பொருத்தம் என்று வாதிடும். அதையும் ஒரேயடியாக ஒதுக்க முடியாது.

என் குறை வேறு. பஞ்சாபியில் இது உரையாசிரியர்களுக்குள் நடக்கும் வழக்கு. ஆங்கிலத்தில் தீர்ப்பு மட்டும் அச்சாகிறது.

கூர்வாள்

பரிமேலழகர் ஒன்று சொல்ல மணக்குடவர் வேறொன்று சொல்வது நமக்குப் புதிதா? எல்லாப் பழைய நூலுக்கும் இதே கதை. குரு கிரந்த் சாகிப்புக்கு மட்டும் என்ன தனிச் சிக்கல் என்று புரியவில்லை. நல்ல மொழிபெயர்ப்பைத் தேர்ந்து படித்தால் தீர்ந்தது.

விகுதி

தனிச் சிக்கல் உண்டு. கிரந்தத்தின் மொழியில் சொல்லின் கடைசியில் வரும் குற்றுயிர் பெரும்பாலும் வாயில் ஒலிக்காது. எழுத்தில் மட்டும் இருக்கும். வேற்றுமையும் எண்ணும் அந்த ஒலிக்காத எழுத்தில்தான் பல இடங்களில் தங்கியிருக்கின்றன. 'குரு' என்று உகரத்தோடு முடிந்தால் ஒருமை எழுவாய். 'குரி' என்று இகரத்தோடு முடிந்தால் 'குருவால்'. இரண்டும் இல்லாமல் 'குர்' என்று நின்றால் 'குருவின்' என்றோ பன்மை என்றோ ஆகும். ஓதும்போது மூன்றும் ஏறக்குறைய ஒரே ஓசை.

கிரந்தத்தில் உள்ள ஆசா தி வார் என்ற நீண்ட பாடலில், 473ஆம் அங்கத்தில், பெண்ணைப் பற்றிய குரு நானக்கின் புகழ்பெற்ற சலோகம் இருக்கிறது. (கிரந்தத்தின் பக்கத்தை 'அங்கம்' என்பதுதான் வழக்கம்.) அதில் பெண்ணுக்கு வரும் சொல் 'பண்ட்'. பாண்டம் என்ற சொல்லோடு உறவு உடையதாகச் சொல்வார்கள். சில வரிகளுக்குள் 'பண்டி', 'பண்டு', 'பண்டஹு', 'பண்டை' என்று அது உருமாறிக்கொண்டே போகிறது. பெண்ணிடத்தில் கருவாகிறோம், பெண் இறந்தால் இன்னொரு பெண்ணைத் தேடுகிறோம், பெண்ணிலிருந்தே பெண் பிறக்கிறாள், பெண்ணுக்குப் புறம்பாக நிற்பது மெய்யான அந்த ஒன்று மட்டுமே. வேற்றுமை உருபு ஒன்றைத் திருப்பித் திருப்பியே வாதம் எழுகிறது. அரசர்கள் பிறக்கும் இடத்தை எப்படி இழிவென்பாய் என்ற கேள்வி அதன் நடுவில் வருகிறது. ஆங்கிலத்தில் இது முன்னிடைச் சொற்களின் குவியலாகிவிடுகிறது. பொருள் வந்து சேர்கிறது, கட்டுமானம் வருவதில்லை. தமிழில் செய்தால் 'பெண்ணில், பெண்ணை, பெண்ணிலிருந்து' என்று கொஞ்சமாவது அதே நடையில் நடக்கலாம்.

ஐந்தாறு

விகுதி சொன்னதோடு எழுத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பழைய சுவடிகளில் சொற்களுக்கு இடையே இடைவெளி கிடையாது. வரி முழுவதும் ஒரே சங்கிலி. அதற்கு 'லரீவார்' என்று பெயர். இன்று அச்சில் பார்க்கும் பிரித்த வடிவம் 'பத்சேத்'. எங்கே வெட்டுவது என்பதே உரையின் முதல் படி. அந்த வெட்டு மொழிபெயர்ப்பாளர் கைக்கு வருவதற்கு முன்பே நடந்து முடிந்துவிடுகிறது.

இன்னொன்று, மூலத்தில் 'ச'வுக்கும் 'ஷ'வுக்கும் தனி எழுத்து இல்லை. கீழே புள்ளி வைக்கும் வழக்கம் பின்னால் வந்தது. இதன் விளைவை ஜப்ஜியின் இறுதியில் பாருங்கள். ஆன்மிகப் பயணத்தின் ஐந்து நிலங்கள்: தரம், கியான், சரம், கரம், சச். மூன்றாவதான 'சரம் கண்ட்' என்ன? வடமொழி 'ஸ்ரமம்' என்றால் உழைப்பின் நிலம். பாரசீக 'ஷர்ம்' என்றால் நாணத்தின் நிலம், பணிவின் நிலம் என்றும் விரிக்கலாம். வடமொழி 'சர்மன்' என்றால் ஆனந்தத்தின் நிலம். மூன்றுக்கும் ஆதரவாளர்கள் இருக்கிறார்கள். அடுத்த நிலமான 'கரம்' இன்னும் மோசம். வடமொழி வழியாக வந்தால் வினை, பாரசீக வழியாக வந்தால் அருள். வினையும் அருளும் கிட்டத்தட்ட எதிரெதிர்! அங்கே அருள் என்பதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது, பலரும் அப்படியே கொள்கிறார்கள். ஆனால் நான்காம் பௌடியில் 'கர்மீ ஆவை கப்டா, நத்ரீ மோக் துவார்' என்று வரும்போது மறுபடியும் குழப்பம். உடல் என்ற ஆடை வினையால் வருகிறது, வீடுபேற்றின் வாசல் அருட்பார்வையால் திறக்கிறது என்று படித்தால் அழகான முரண். கர்மீயையும் அருள் என்றே படிப்பவர்களும் உண்டு. அப்போது முரண் போய், இரண்டும் அவன் கொடை என்றாகிவிடும். ஒரே வரியில் வினைக்கோட்பாடு இருக்கிறதா இல்லையா என்பதே இங்கே கேள்வி. இதைத்தான், கூர்வாள், 'நல்ல மொழிபெயர்ப்பைத் தேர்ந்து படித்தால் தீர்ந்தது' என்கிறீர்கள்.

பழையபுத்தகக்கடை

வரலாற்றையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பாதி கோபம் புரியாது. ஆங்கிலத்தில் முதலில் கை வைத்தவர் எர்ன்ஸ்ட் டிரம்ப் என்ற ஜெர்மானியர். சமயப் பணியாளராகவும் மொழியறிஞராகவும் இருந்தவர், சிந்தி இலக்கணமும் பஷ்தோ இலக்கணமும் எழுதியவர். பிரிட்டிஷ் அரசின் இந்திய விவகார அமைச்சரின் ஆணையின் பேரில் செய்த மொழிபெயர்ப்பு 1877இல் லண்டனில் வந்தது. முழு நூல் அல்ல. முன்னுரையில், இது பெரிய நூல், ஆனால் தொடர்பற்றது, மிக மேலோட்டமானது, அந்தக் குறைகளை மறைக்கவே மொழி இருண்டு கிடக்கிறது என்ற பொருளில் எழுதிவைத்தார். ஒரு சமூகம் குருவாக வணங்கும் நூலுக்குக் கிடைத்த முதல் ஆங்கில முன்னுரை அது.

அந்தக் காயத்துக்கு மருந்தாகத்தான் மெக்காலிஃப் வந்தார். அயர்லாந்தில் பிறந்து, இந்திய ஆட்சிப் பணியில் இருந்து, 1893இல் அந்த வேலையை விட்டவர். கியானிகளோடு (கிரந்தத்தைக் கற்று விளக்கும் சீக்கியப் புலவர்கள்) உட்கார்ந்து, சீக்கிய அறிஞர் காஹன் சிங் நாபாவின் துணையோடு வேலை செய்து, அச்சுப்படிகளைச் சீக்கிய அறிஞர்களிடமே திருத்தக் கொடுத்து, 1909இல் 6 தொகுதிகளை ஆக்ஸ்ஃபோர்டில் வெளியிட்டார். ஆனால் அவரும் முழு நூலைத் தரவில்லை. பாடல்களைக் குருமார்களின் வாழ்க்கைக் கதைக்குள் ஆங்காங்கே வைத்துவிட்டார். முழுமையான ஆங்கில மொழிபெயர்ப்பு வர 1960 ஆயிற்று. அது கோபால் சிங் செய்தது. பிறகு மன்மோகன் சிங்கின் 8 தொகுதிகளை, குருத்வாராக்களை நிர்வகிக்கும் சிரோமணி குருத்வாரா பிரபந்தக் கமிட்டி வெளியிட்டது. (முன்னாள் பிரதமர் அல்ல, ஒவ்வொரு முறையும் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.)

கூர்வாள்

டிரம்ப்பைத் திட்டுவது சுலபம். அவருடைய திமிரை நான் தாங்கிப் பேசவில்லை. ஆனால் கிரந்தத்தின் மொழியையும் யாப்பையும் தனியே எடுத்து ஆராய வேண்டிய பொருளாக நடத்தி, முன்னுரையில் அதற்கென ஒரு பகுதி எழுதியவர் அவர். மெக்காலிஃப் அன்பானவர், மரியாதையானவர், சரி. ஆனால் கியானிகள் சொன்னதை ஆங்கிலத்தில் எழுதினார் என்றால், ஐந்தாறு சொல்லும் 'மறைந்திருக்கும் உரை' அவரிடம்தான் அதிகம் அல்லவா? நட்புக்காக எழுதிய மொழிபெயர்ப்பையும் சந்தேகப்பட வேண்டும்.

ஐந்தாறு

கடைசி வாக்கியத்தை ஏற்கிறேன். ஆனால் உரை இல்லாமல் மூலத்துக்கு நேரே போவது என்று ஒன்று இங்கே கிடையாது. டிரம்ப் கியானிகளை நம்பவில்லை. நம்பாததால் அவருக்குத் தெளிவு வந்துவிடவில்லை, தனக்கு விளங்காததை நூலின் குறையாக எழுதினார்.

எந்த உரை என்பதுதான் கேள்வி. ஃபரீத்கோட் சமஸ்தானம் எழுதச் செய்த முழு உரை ஒன்று 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அச்சில் வந்தது. அதில் வேதாந்த வாசம் தூக்கல், அதன் பின்னால் இருக்கும் நிர்மலா என்ற சீக்கியத் துறவியர் மரபு அப்படி. அதற்கு மாற்றாக 1936 முதல் 1941 வரை 'ஷபதார்த்' வந்தது, தேஜா சிங் பெயரோடு அறியப்படுவது. பிறகு சாகிப் சிங், இலக்கணத்தைக் கையில் பிடித்துக்கொண்டு. இந்த மூன்றில் எதன் மேல் நிற்கிறாரோ அதற்கேற்ப ஆங்கிலத்தில் 'பிரம்மம்' எட்டிப் பார்க்கும், அல்லது பார்க்காது. ஆங்கில நூல்களின் முன்னுரையில் இதைக் குறிப்பிடுவது ஒரு பக்க வேலை. அது எல்லா நூலிலும் இருப்பதில்லை.

தேம்ஸ்கரை

இங்கிலாந்தில் இருக்கிறேன். இங்கே இது புத்தக அலமாரிப் பிரச்சினை இல்லை. பல குருத்வாராக்களில் கீர்த்தனை நடக்கும்போது பக்கத்தில் திரை இருக்கும். மேலே குர்முகி வரி, கீழே ஆங்கிலம். பாடகர் வரியை மாற்றினால் கணினியில் உட்கார்ந்திருக்கும் இளைஞர் அந்த வரிக்குத் தாவுவார். சிக்கி டு தி மேக்ஸ் என்ற மென்பொருள் 2000 வாக்கில் வந்ததிலிருந்து இப்படித்தான். அதில் பல காலமாக ஓடியது சந்த் சிங் கால்சாவின் ஆங்கிலம். ஆகவே இங்கே பிறந்த ஒரு தலைமுறைக்கு அவர் வாக்கியங்களே நடைமுறையில் மூலம். நான் பேசிய பிள்ளைகளில் சிலருக்கு ஒரு பாடலின் ஆங்கில வரி மனப்பாடம், குர்முகி வரி மெட்டாக மட்டும் தெரியும்.

சமயரீதியில் இது விசித்திரமான நிலை. 1708இல் குரு கோவிந்த் சிங் கிரந்தத்தையே குருவாக நிறுவினார். அந்த மதிப்பு குர்முகிச் சரூப்புக்குத்தான், அதாவது மூல நூல் பிரதிக்குத்தான். ஆங்கில நூலுக்கு யாரும் விதானம் கட்டி, சாமரம் வீசுவதில்லை. அது வெறும் விளக்கம். ஆனால் வாழ்க்கைக்கு வழி கேட்டுக் கண் போவது திரையின் கீழ் வரிக்கு.

இதில் ஒரு தனிக் கடுப்பு, தலைப்புகள். 'ராக் ஆசா, முதல் மெஹல்' என்று ஆங்கிலத்தில் போட்டிருக்கும். மெஹல் என்றால் என்ன என்று படிப்பவருக்கு எப்படித் தெரியும்? ஆறு குருமார்களின் பாடல்கள் கிரந்தத்தில் இருக்கின்றன, அத்தனை பேரும் 'நானக்' என்றே முத்திரை வைக்கிறார்கள். 'மஹலா 1' என்றால் குரு நானக், 'மஹலா 5' என்றால் குரு அர்ஜன். இந்த ஒரு குறிப்பு விளங்காவிட்டால் எல்லாவற்றையும் ஒரே ஆள் பாடியதாக நினைத்துக்கொண்டு 1430 அங்கங்களையும் கடந்துவிடலாம்.

நீலாம்பரி

ராகத்தைப் பற்றி யாரும் பேசவில்லையே. நூலின் பெரும்பகுதி பொருளடைவாக அடுக்கப்படவில்லை, 31 ராகங்களின் வழியே அடுக்கப்பட்டிருக்கிறது. சிரீ ராகத்தில் தொடங்கி ஜைஜாவந்தியில் முடிகிறது. அந்தக் கடைசி ராகத்தில் குரு தேக் பகதூர் மட்டுமே பாடியிருக்கிறார். ஆங்கிலத்தில் ராகத்தின் பெயர் ஒரு தலைப்பு, அவ்வளவே.

ராகத்தை ஆங்கிலத்தில் கொண்டுவர முடியாது, அதற்காக யாரையும் குறை சொல்லவில்லை. ஆனால் 'ரஹாவு' என்ற குறியைக் கையாளும் விதத்தை மன்னிக்க மனமில்லை. ஒரு ஷபத்தின் (பாடலின்) இடையில் சில வரிகளுக்குப் பின் அது வரும். அந்த வரிதான் பல்லவி. பாடகர் அங்கேதான் திரும்பத் திரும்ப வருவார். பாடலின் மையக் கருத்து அதில்தான் என்று சாகிப் சிங் வற்புறுத்துவார், மற்ற அடிகள் அதற்கு விளக்கம். ஆங்கிலப் பதிப்புகளில் அதே வரி இரண்டாவது பத்தியாக, மற்றவற்றோடு சமமாக நிற்கிறது. பக்கத்தில் 'நிறுத்தம்' என்று ஒரு சொல். படிப்பவர் மூச்சு விட்டுக்கொள்ளச் சொன்னதாக நினைத்துக் கடந்துபோவார். தடித்த எழுத்தில் போட்டால்கூடப் போதும், செலவே இல்லாத திருத்தம்.

வேம்பு

எனக்கு உறுத்துவது 'அவன்'. பனையோலை தந்த முதல் வரியையே எடுங்கள். சந்த் சிங் கால்சா அங்கே கடவுளை ஆண்பால் பிரதிப்பெயரால் சுட்டுகிறார். மூல வரியில் எந்தப் பிரதிப்பெயரும் இல்லை! 'நினைத்து நினைவுக்கு எட்டாது' என்று தமிழில் ஆளே இல்லாமல் எழுதிவிடலாம். ஆங்கில வாக்கியம் எழுவாய் இல்லாமல் நிற்காது, எழுவாய் வந்தால் பால் வரும். தொடக்கத்திலிருக்கும் மூல மந்திரத்தில் வினைச்சொல்லே இல்லை. 'இக் ஓஅங்கார்' என்பதில் முதலில் நிற்பது ஓர் எண், 1. அதற்கும் 'கடவுள் ஒருவரே இருக்கிறார்' என்பது போல ஆங்கிலத்தில் கடவுளையும் வினையையும் சேர்த்து ஓட்டுகிறார்கள். இதையெல்லாம் எதிர்த்து நிக்கி குனிந்தர் கௌர் சிங் 1995இல் தம் மொழிபெயர்ப்பைக் கொண்டுவந்தார், ஆண்பால் சொற்களைத் தவிர்த்து.

பெண் குரலில் பாடும் இடங்களில் இன்னொரு கூத்து. மூலத்தில் வெறுமனே மணப்பெண், சுமங்கலி, பிரிந்து தவிக்கும் இளம்பெண் என்று வருவாள். ஆங்கிலத்தில் அவள் 'ஆன்ம மணமகள்' ஆகிவிடுகிறாள். ஆன்மா என்ற ஒட்டைச் சேர்த்தவுடன் உடலும் இரவும் ஈரமும் காணாமல் போகின்றன. அவள் அழைக்கும் 'கசம்' என்ற சொல்லில் எசமானும் கணவனும் சேர்ந்தே இருக்கிறார்கள். ஆங்கிலம் எசமானை வைத்துக்கொண்டு கணவனை அனுப்பிவிடுகிறது.

பழையபுத்தகக்கடை

வேம்புவுக்கு ஒரு சேர்க்கை. கடவுளை விளிக்கும் 'தூ', 'தைம்' எல்லாம் ஒருமை, நெருக்கமான 'நீ'. பாபர் படையெடுப்பைப் பாடும்போது, 360ஆம் அங்கத்தில், குரு நானக் நேருக்கு நேர் கேட்கிறார்: "ஏதீ மார் பயீ கர்லாணே, தைம் கீ தர்து ந ஆயா." இத்தனை அடி விழுந்து அலறினார்களே, உனக்கு வலிக்கவில்லையா? மெக்காலிஃபும் மன்மோகன் சிங்கும் இதுபோன்ற இடங்களில் பழைய ஆங்கில ஒருமை முன்னிலையைப் போட்டார்கள். இலக்கணப்படி அது சரியான இணை, அதுவும் ஒரு காலத்தில் 'நீ'தான். ஆனால் இன்று அந்தச் சொல் விவிலியத்தின் மணத்தோடு வருகிறது. சட்டையைப் பிடித்துக் கேட்ட கேள்வி, மண்டியிட்டுக் கேட்டது போலாகிவிட்டது.

கூர்வாள்

சரி, மணத்தை எடுக்கவே கூடாதா? ஹரி, ராம், கோவிந்த், அல்லா, சாகிப் என்று மூலத்தில் எத்தனை பெயர்கள்! எல்லாவற்றுக்கும் ஆங்கிலத்தில் ஒரே 'ஆண்டவர்'. ஆனால் பெயர்களை அப்படியே விட்டால் என்ன ஆகும் தெரியுமா? 'ராம்' என்றதும் தசரதன் மகன் என்று ஒருவர் சொந்தம் கொண்டாடுவார், 'அல்லா' என்றதும் இன்னொருவர். மொழிபெயர்ப்பாளர் தட்டையாக்கியதற்குக் காரணம் சோம்பல் மட்டும் அல்ல, அச்சமும்தான்.

விகுதி

அந்த அச்சம் மூலத்துக்கு இல்லை என்பதுதான் விஷயம். 721ஆம் அங்கத்தில், திலங் ராகத்தில், குரு நானக் பாரசீகத்திலேயே பாடுகிறார்: 'யக் அரஜ் குஃப்தம்' என்று. உன் முன் ஒரு விண்ணப்பம் வைத்தேன், கேள் என்று தொடங்கி, விளிக்கும்போது 'கர்தார்' என்கிறார். பாரசீக வாக்கியத்தின் முடிவில் இந்தியப் பெயர். குருமார் அல்லாத அடியார்களின் பாடல்களும் கிரந்தத்தில் உண்டு: ஃபரீதின் சலோகங்கள் மேற்குப் பஞ்சாபின் லஹந்தி வாடையோடு இருக்கின்றன, நாம்தேவிடம் மராத்தி ஒட்டியிருக்கிறது, ஜெயதேவர் பாடல் வடமொழிப் பக்கம் சாய்கிறது. 1604இல் குரு அர்ஜன் தொகுத்து பாய் குர்தாஸ் கையால் எழுதச் செய்தபோது இந்த ஒலிகளை ஒரே பஞ்சாபியாக மாற்றி எழுதச் சொல்லவில்லை. ஆங்கிலத்தில் நெசவாளர் கபீரும் செருப்புத் தைத்த ரவிதாசும் ஷேக் ஃபரீதும் ஒரே ஆசிரியரிடம் ஆங்கிலம் கற்றவர்கள் போலப் பேசுகிறார்கள்.

நீலாம்பரி

யுனெஸ்கோவுக்காக 1960இல் வந்த தேர்வு நூலில் கொஞ்சம் முயன்றார்கள் என்று நினைக்கிறேன். திரிலோசன் சிங், ஜோத் சிங், கபூர் சிங், ஹர்கிஷன் சிங், குஷ்வந்த் சிங் என்று ஐந்து பேர் மொழிபெயர்க்க, ஸ்காட்லாந்துக் கவிஞர் ஜி. எஸ். ஃப்ரேசர் ஆங்கில நடையைச் செப்பம் செய்தார். வாய்விட்டுப் படிக்க நன்றாக இருக்கும். ஆனால் அங்கேயும் குரல் ஒன்றுதான், விகுதி சொல்வது போல.

பனையோலை

அனைவருக்கும் நன்றி. எது தவறு என்று கேட்டேன், இவ்வளவு வந்து விழுந்திருக்கிறது. ஒரே ஒரு நடைமுறைக் கேள்வி. எனக்குக் குர்முகி தெரியாது, இப்போதைக்குக் கற்கும் எண்ணமும் இல்லை. எதை வாங்குவது?

ஐந்தாறு

தேர்ந்தெடுத்த பகுதிகள் போதும் என்றால், கிறிஸ்டஃபர் ஷாக்கிளும் அரவிந்த்பால் மந்தாயரும் 2005இல் கொண்டுவந்தது. அறிமுகமும் குறிப்பும் உருப்படியானவை. பக்கத்தில் நிக்கி குனிந்தர் கௌரை வைத்துக்கொள்ளுங்கள், இருவரும் ஒத்துப்போகாத இடங்களில் நின்று பாருங்கள். முழு நூலும் வேண்டும் என்றால் பாட்டியாலா பஞ்சாபிப் பல்கலைக்கழகம் வெளியிட்ட குர்பச்சன் சிங் தாலிப். மன்மோகன் சிங் ஆங்கிலம் கரடுமுரடு, ஆனால் மூலம், பஞ்சாபி விளக்கம், ஆங்கிலம் என்று மூன்று பத்திகள் பக்கம் பக்கமாக இருப்பதால் ஏதேனும் ஒரு வரி சந்தேகம் தந்தால், குர்முகி தெரிந்த யாரிடமாவது விரல் வைத்துக் காட்டிக் கேட்கலாம்.

தேம்ஸ்கரை

வரியைத் தேடும்போது ஆங்கிலச் சொல்லை வைத்துத் தேடாதீர்கள், அங்க எண்ணை வைத்துத் தேடுங்கள். இன்றைய குர்முகி அச்சுப் பிரதிகளில் அங்கங்கள் 1430தான், ஒரே வரி ஒரே அங்கத்தில்தான் இருக்கும். நீங்கள் கேட்ட வரி முதல் அங்கத்திலேயே இருக்கிறது, கர்மீயும் நத்ரீயும் வருவது 2இல், சரம் கண்ட் 7இல்.